எரு சுமந்த தலைக்கு இயற்கை வேளாண்மையில் என்ன பங்கு?

இயற்கை வேளாண்மை என்றதும் நம் தோழர்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். ‘வசதி உள்ளவனின் பொழுதுபோக்கு’ என்கிறார் ஒருவர். ‘ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்கள் ஃபேஸ்புக்கில் போடும் படம்’ என்கிறார் இன்னொருவர். ‘நாட்டு மாட்டு அரசியலுக்கு வைத்த மறுபெயர்’ என்பவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சேரிகளில் வேலை செய்கிற நாங்கள் சொல்வது, இந்த விவாதத்தை அவர்களிடமே விட்டுவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது என்பதுதான். மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு தெளிப்பது நம் ஆள். தெளித்த வயலில் மறுநாள் இறங்கிக் களை பறிப்பது நம் வீட்டுப் பெண். விளைந்த நெல் எந்த வண்டியில் ஏறிப் போகிறது என்பதில் மட்டும் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் அடிப்படையைப் பேசிவிடுவோம். நம் மாணவர்கள் பலருக்கு ‘ஆர்கானிக்’ என்ற சொல் கடை அலமாரியில் பார்த்த சொல்லாக மட்டுமே இருக்கிறது. அந்தச் சொல்லே ஏமாற்றக்கூடியது. வேதியியலில் கார்பன் சேர்மங்களை ‘ஆர்கானிக்’ என்பார்கள். அந்தக் கணக்கில் பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளும் ஆர்கானிக்தான். 2021 மே மாதம் கடலூர் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி தயாரிக்கும் ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் 4 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அந்த ஆலையின் பெயரிலேயே ‘ஆர்கானிக்ஸ்’ இருந்தது. எனவே பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வேளாண்மையில் இதற்குப் பொருள் எளிமையானது. ஆலையில் செய்த ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகியவை இல்லாமல், மண்ணுக்குள் இருக்கும் உயிர்களை வேலை செய்ய வைத்து விளைவிப்பது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. அதைப் பயிருக்கு நேராக ஊட்டுகிறோம். பயிர் பச்சை கட்டும், பூச்சியும் கூடவே வரும், பிறகு பூச்சிக்கு மருந்து வாங்க வேண்டும். இயற்கை வழியில் ஊட்டுவது மண்ணுக்கு. தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, ஏறக்குறைய 45 நாளில் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் அது மக்கி உரமாகிறது. பயறுச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கின்றன.

இதற்காக எந்தக் குருவிடமும் போய்ப் பயிற்சி எடுக்கத் தேவையில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரிப் பக்கம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பார்கள். நெல் அறுபட்ட பிறகு மீதமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் உளுந்து வந்துவிடும். உரம் இல்லை, உழவு இல்லை, தண்ணீரும் பாய்ச்சுவதில்லை. இயற்கை வேளாண்மைக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. அந்தப் பதத்தை மிதித்துப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். மேடையில் ‘மரபு அறிவு’ என்று பேசுகிறவர்கள் அவர்களின் பெயரைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

இந்தப் பெயர் சொல்லாத வழக்கம் நம் மண்ணில் பழையது. நந்தனாரின் ஊரான ஆதனூர் இதே கொள்ளிடக் கரையில்தான் சொல்லப்படுகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தனிடம் வேதியப் பண்ணையார் நிலம் முழுவதையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் அத்தனை வேலி நிலமும் விளைந்து நிற்கிறது. செய்தது சிவன் என்பது கதை. நமக்குத் தெரிந்து எந்த நெல்லும் ஒரே இரவில் விளைந்ததில்லை. நாற்று விட்டு, பறித்து, நட்டு, களையெடுத்து, காவல் காத்து, அறுத்து, அடித்து, மூட்டை கட்டும் மாதக்கணக்கான உழைப்பு ஒரே இரவு அற்புதமாகச் சுருங்கிப்போனது. இன்று ‘இயற்கையே எல்லாம் செய்துவிடும்’ என்று பேசும்போதும் இதே கதைதான் எங்கள் காதில் விழுகிறது.

‘அந்தக் காலத்தில் உரமில்லை, மருந்தில்லை, நோயில்லை’ என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பண்ணையாள் முறையும் இருந்தது. சாணத்தைப் பார்த்ததும் சிலருக்குப் பஞ்சகவ்யம் நினைவுக்கு வருகிறது. கீழத்தஞ்சையின் பிள்ளைகளுக்குச் சாணிப்பால் நினைவுக்கு வரும். வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளுக்குச் சவுக்கடியும், கரைத்த சாணியை வாயில் ஊற்றுவதும் தண்டனையாக இருந்தன. 1940களில் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிப் போராடித்தான் அது நின்றது. வட இந்தியாவின் சில பகுதிகளில் கதிரடிக்கும் மாடுகள் தின்று போட்ட சாணத்திலிருந்து தானியத்தைப் பொறுக்கி, அதையே தீண்டப்படாதவர்களுக்குக் கூலியாகக் கொடுத்த வழக்கத்தை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். ரசாயன உரம் இல்லாத, மருந்து இல்லாத, முழு ‘ஆர்கானிக்’ காலம்தான் அது.

ரசாயனம் வந்ததும் விடுதலை வந்துவிடவும் இல்லை. தஞ்சை மாவட்டம் 1960 வாக்கிலேயே தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம். புதிய விதை, புதிய உரம், கூடுதல் விளைச்சல் எல்லாம் வந்தன. விளைச்சல் கூடியதில் எங்கள் பங்கு எங்கே என்று கூலி நெல்லை உயர்த்திக் கேட்டவர்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் உயிரோடு எரித்தார்கள். பழைய முறையா புதிய முறையா என்று மட்டும் கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் நமக்கு எந்த விவசாயம் நடந்தாலும் ஒன்றுதானா? இல்லை. இங்கேதான் நம் தோழர்களோடு நாங்கள் வேறுபடுகிறோம்.

நிலம் இல்லாதவனுக்கு வயல் என்பது கூலி மட்டும் தரும் இடமாக இருந்ததில்லை. வேலை முடிந்து வரும்போது பெண்களின் மடியில் ஏதாவது இருக்கும். வயல் நண்டு, நத்தை, வாய்க்காலில் பிடித்த குறவை, கெண்டை, சேறு வற்றும்போது கிடைக்கும் விரால். வரப்பில் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, ஆரைக்கீரை, வல்லாரை. நிலத்துக்காரர் இதை உணவாகவே மதிக்கவில்லை, அதனால் தடுக்கவும் இல்லை. காசு கொடுக்காமல் கிடைத்த புரதமும் இரும்புச் சத்தும் இவைதான். குருணை மருந்து போட்ட வயலில் நண்டு செத்து மிதக்கும். களைக்கொல்லி அடித்த வரப்பில் கீரை கருகிவிடும். விவசாயக் கணக்கு எழுதும் எவரும் இந்த இழப்பை எந்தப் பத்தியிலும் எழுதுவதில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றுதான் கணக்கு. நம் வீட்டுச் சட்டியிலிருந்து போனது எவ்வளவு என்பதை யாரும் அளக்கவில்லை. நம் பெண்களுக்கு ரத்தசோகை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தருகிறார்கள். அந்த ஆரைக்கீரை எங்கே போனது என்று மாத்திரை தருகிறவர் கேட்க மாட்டார். சமூகவியல், ஊட்டச்சத்து, வேளாண்மை படிக்கும் நம் மாணவர்கள் கேட்கலாமே? ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைகிறீர்கள், இதோ கிடக்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் நெல் வயலிலேயே மீனும் கோழியும் சேர்த்து வளர்க்கும் முறையை ஆராய்ந்திருக்கிறது. மேலே கோழிக் கூண்டு, கீழே மீன், சுற்றிலும் நெல். கோழி எச்சம் மீனுக்கும் மண்ணுக்கும் போகிறது. மருந்தடித்தால் மீன் சாகும் என்பதால் மருந்தைக் குறைத்தே ஆக வேண்டும். நம் பாட்டிகள் நிலமே இல்லாமல் அனுபவித்ததை இப்போது நிலம் உள்ளவர் திட்டமிட்டுச் செய்ய முடிகிறது. நல்லதுதான். அந்த மீனில் களையெடுக்க வருகிறவருக்குப் பங்கு உண்டா என்பது நம் கேள்வி.

அடுத்தது உடம்பு. மருந்து தெளிப்பதற்குக் கூலி கொஞ்சம் கூடுதல் என்பதால் நம் இளைஞர்கள் போகிறார்கள். கையுறையும் முகக்கவசமும் கம்பெனி அட்டையில் படமாக மட்டும் இருக்கும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது, பிறகு மறந்தது. தமிழ்நாட்டில் 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை இருந்தது. அதற்குச் சொன்ன காரணம் தற்கொலைகள். தெளிக்கிறவரின் மூச்சும் தோலும் அந்தக் காரணத்தில் இடம்பெறவில்லை. கடலூரில் இது இரட்டைச் சுமை. பூச்சிக்கொல்லி தயாராகும் சிப்காட்டை ஒட்டிய கிராமங்களும் நம்முடையவை, அதைத் தெளிக்கும் வயல்களில் இறங்குவதும் நாம்.

ஆகவே நஞ்சில்லாத வயல் முதலில் நம் தேவை. நகரத்து நுகர்வோருக்கு நெல்லில் ஒட்டியிருக்கும் எச்சம் கவலை. நமக்கு நேரடி நஞ்சே வேலை.

ஆனால் நஞ்சை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்புவது யார்? உழைப்புத்தான். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடச் சொல்கிறது வேளாண் துறை. ஒரு கூடைக்கு 20 கிலோ என்று வைத்தால் 250 நடை. டிராக்டர் வரப்பு வரைக்கும்தான் வரும், அதற்கப்பால் தலைதான். இதற்கு எதிரில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய்ச் சொச்சம், ஒரு ஆள் அரைநாளில் வீசிவிடுவார். களைக்கொல்லி இல்லையென்றால் இரண்டு தடவை கைக்களை எடுக்க வேண்டும். முதுகு ஒடியும் வேலை, ஆனால் பெண்களுக்குப் பல நாள் கூலியும் கூட. களைக்கொல்லி வந்தபோது நம் பெண்கள் இழந்தது அந்த நாட்களைத்தான். இயற்கை வேளாண்மை அவற்றைத் திருப்பித் தரலாம். எந்தக் கூலிக்கு என்பதைப் பேசாமல் தந்தால் அது பழைய பண்ணைதான். இயற்கை அரிசி இரண்டு மடங்கு விலைக்கு விற்கும்போது களையெடுத்தவருக்கு ஊரில் உள்ள வழக்கக் கூலியே கொடுப்பது எந்த அறத்தில் சேர்த்தி? பையின் மேல் ‘நஞ்சில்லா உணவு’ என்று அச்சடிக்கிறவர்கள் ‘நியாயமான கூலி’ என்றும் அச்சடிக்கத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சுத்தம் பற்றிய பேச்சு இன்னொரு பக்கம். பல இயற்கை அங்காடிகள் சைவ மடம்போல நடக்கின்றன. மாட்டு மூத்திரம் புனிதம், மாட்டுக்கறி தீட்டு. நாட்டு மாடு இல்லாமல் இயற்கை வேளாண்மையே இல்லை என்றும் சொல்கிறார்கள். சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தக் கணக்கில் ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். செய்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கோடையில் டெல்டாவுக்கு வரும் கீதாரிகளின் ஆட்டுக்கிடையில் விழும் புழுக்கையில் மாட்டுச் சாணத்தைவிடத் தழைச்சத்து அதிகம். ஆடு நம் பெண்களிடமே இருக்கிறது. மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை போட்டு ஊறவைக்கும் மீன் அமிலத்துக்குக் கடலூர் துறைமுகத்திலும் முடசலோடையிலும் பஞ்சமே இல்லை. எலும்புத்தூளையும் ரத்தத்தூளையும் கூட இயற்கை வேளாண்மைக்கான தேசியத் தர விதிகள் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கின்றன. மண்ணுக்குச் சைவம் அசைவம் தெரியாது.

நம்மாழ்வாரை இங்கே ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1969இல் உதறிவிட்டு, 2013இல் சாகும்வரை கிராமம் கிராமமாக நடந்தவர். உரக் கம்பெனியின் பிடியிலிருந்து சிறு விவசாயியை மீட்க நினைத்தார். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்ட நெல் ஜெயராமனும் அப்படியே. அவர்கள்மீது எங்களுக்கு மரியாதை உண்டு. அவர்கள் திரட்டியது நிலம் உள்ளவர்களை. நிலம் இல்லாதவர்களின் கேள்வியை நாம் போடாமல் வேறு யார் போடுவார்கள்?

2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்திய அளவில் பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் பரப்பு பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பஞ்சமி நிலம் எங்கே போனது என்ற கதை உங்களுக்குத் தெரியும். காரணையில் 1994இல் அதைக் கேட்டு இரண்டு உயிர் போனதும் தெரியும். மிச்சமுள்ள வழி குத்தகையும் வாரமும். அதிலும் பெரும்பாலும் வாய்மொழிதான், எழுத்து கிடையாது.

இயற்கைச் சான்றிதழுக்கு என்ன கேட்கிறார்கள் பாருங்கள். தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறைக்கு விண்ணப்பிக்க சிட்டா, பண்ணையின் வரைபடம், மண், நீர்ப் பரிசோதனை விவரம், ஆண்டுப் பயிர்த்திட்டம், பான் அட்டை வேண்டும். நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, முந்திரி, பலா போன்ற மரப்பயிருக்கு 3 ஆண்டு மாற்றக் காலம். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம், ‘ஆர்கானிக்’ விலையும் கிடைக்காது. பட்டா உள்ளவர் தாங்குவார். வாய்மொழிக் குத்தகைதாரர் இரண்டு வருடம் எருவும் தழையும் போட்டு மண்ணைத் தேற்றினால், மூன்றாம் வருடம் ‘நிலத்தை விட்டுடுப்பா, நானே பாத்துக்கறேன்’ என்று நிலத்துக்காரர் வாங்கிக்கொள்வார். மண் வளம் என்பது நிலத்தில் போட்டு வைக்கும் சேமிப்பு. நிலம் நம் பெயரில் இல்லையென்றால் சேமிப்பும் நம் பெயரில் இல்லை. யூரியாவை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று குத்தகை விவசாயியைக் குறை சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவு கேட்டாலே நிலம் போய்விடும் என்ற பயத்தில் அது தூங்குகிறது.

மேலிருந்து உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021 ஏப்ரலில் கோத்தபய அரசு ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பரில் பின்வாங்கியது. அதற்குள் நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது. நாள் ஒன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுச் சம்பளம் என்ற கணக்கில் வாழும் மலையகத் தமிழ்ப் பெண்களின் கூடையில் அந்த முடிவின் எடை இறங்கியது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

கீழிருந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதி இருக்கிறது. டெக்கான் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்போடு சேர்ந்து 1980களிலிருந்து அங்குள்ள தலித் பெண்கள் ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். தரிசு நிலங்களைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தார்கள், தங்கள் விதையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள், சோளத்தைத் தங்கள் ஊரிலேயே சேமித்துத் தங்களுக்குள் ரேஷன்போல விநியோகித்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளர் வந்து சான்றளிக்க வேண்டியதில்லை, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்று சொன்னால் போதும் என்ற முறையையும் நாட்டில் முன்னெடுத்தவர்களில் அவர்களும் உண்டு. 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு வந்தது. பரிசைவிட எங்களை ஈர்ப்பது வரிசைமுறை. முதலில் சங்கம், பிறகு நிலம், பிறகு சொந்த வீட்டுச் சோறு, மிச்சமிருந்தால் சந்தை. நம் ஊரில் எல்லாம் தலைகீழ். முதலில் பிராண்டு பெயர் யோசிக்கிறார்கள்.

அந்தப் பரஸ்பரச் சான்று முறை இப்போது அரசின் ‘பி.ஜி.எஸ். இந்தியா’ திட்டமாக இருக்கிறது. 5 விவசாயிகள் சேர்ந்தால் ஒரு குழு. செலவும் குறைவு. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்கச் சான்றிதழே கட்டாயமில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகள் சொல்கின்றன. கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும்.

நிலம் இல்லாதவர்களுக்குத் தாட்கோவின் ‘நன்னிலம்’ மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் விவசாயத் தொழிலாளர் நிலம் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். சிதம்பரம் பக்கத்து நஞ்சை விலைக்கு அது எத்தனை குழிக்கு வரும் என்று கணக்குப் போட்டால் சிரிப்புத்தான் வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நமக்கு விற்க ஊரில் ஆள் இல்லை என்பது. இருந்தாலும் விண்ணப்பிக்கச் சொல்கிறோம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு நிலம் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க மாணவர்களால் முடியும்.

சந்தையைப் பொறுத்தவரை, சேரியில் இயற்கை அரிசி வாங்கும் சக்தி இல்லை, நாம் தின்பது ரேஷன் அரிசி. அதனால் நம் கோரிக்கை ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும்தான் தொடங்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், சாதாரண ரகம் என்று இரண்டு விலை இருக்கிறது. நஞ்சில்லாமல் விளைந்த நெல்லுக்குத் தனி விலை கிடையாது. அப்படி ஒரு விலை வைத்து அரசு வாங்கி, அதே மாவட்டத்தின் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் கொடுத்தால், சிறு விவசாயிக்குச் சந்தை கிடைக்கும், நம் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கும். ஆர்கானிக் உணவு கடை அலமாரியிலிருந்து சத்துணவுத் தட்டுக்கு வர இதைவிடக் குறுக்கு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைகேட்புக் கூட்டம் நடக்கிறது. அங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்டா வைத்திருப்பவர்கள். மனு கொடுக்கப் பட்டா தேவையில்லை. வாய்மொழிக் குத்தகையைப் பதிவு செய்யச் சிறப்பு முகாம், மருந்து தெளிப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, இயற்கை வேளாண்மைக்கு மானியம் வாங்கும் பண்ணைகளில் கூலிப் பதிவேடு, கொள்முதலில் தனி விலை என நான்கு மனுக்களை எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு மருந்து தெளிக்கிறவர்களும் களையெடுக்கிற பெண்களும் வருகிறார்கள். சிதம்பரம், கடலூர் கல்லூரிகளில் படிக்கும் தோழர்கள் மனுக்களைப் படித்துத் திருத்தம் சொல்லுங்கள். அன்று வகுப்பு இல்லையென்றால் கூட வாருங்கள்.